சாரலில் நனைந்த ஊரைப் பார்த்துச் சூடு என்று சொல்லும் பெட்டி

தென்காசி,
24-6-88, வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சங்கரசுப்பிரமணியன் அவர்களுக்கு, தென்காசியிலிருந்து மாமனார் தாணு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும், சீசனுக்கு வந்திருக்கும் மகள் விஜயமும் சௌக்கியம். அருவிகளில் தண்ணீர் நன்றாக விழுகிறது. தாங்களும் பெங்களூரில் சௌக்கியமாகவே இருப்பீர்கள். இரண்டு கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்க ஒரு மனிதனுக்கு நல்ல சௌக்கியம் வேண்டும். நலம் விசாரிக்கிற பகுதி இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவது எல்லாம், தாங்கள் சித்திரை மாதம் என் கம்பெனியில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போன பெட்டியைப் பற்றி.

இருபத்தேழு வருஷமாக நான் நோட்டுப்புத்தகம் போடுகிறேன். அதில் இருபத்திரண்டு வருஷம் என் மிஷினை ஓட்டியவன் பலவேசம். பழைய மிஷினில் ஒரு செயின், இரண்டு பல்சக்கரம், ஒரு கத்தி, அவ்வளவுதான். சுருளிலிருந்து தாள் நகர்ந்து வரும், கத்தி விழும், நோட்டு அளவுக்கு வெட்டுப்படும். நின்றுபோனால் பலவேசம் எண்ணெய் விடுவான். எண்ணெய்க்கு மசியவில்லை என்றால் ஓங்கி ஒரு மிதி. மிதிக்கு அப்புறமும் அது நின்றதாகச் சரித்திரமே கிடையாது. பொங்கலுக்கு நீங்கள் வந்தீர்கள். வந்த மாப்பிள்ளை பாயசத்தைச் சாப்பிட்டோமா, ஐந்தருவியில் குளித்தோமா என்று இருந்திருக்கலாம். மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, "மாமா, இன்னும் செயினை வச்சு ஓட்டுதீங்களே, எங்க கம்பெனி சர்வோ மோட்டாரைப் போட்டா அரை மில்லிமீட்டர் பிசகாது" என்று சொன்னீர்கள். பலவேசம் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாது என்று சரி என்றேன். அன்று பிடித்தது எனக்குச் சனி.

மோட்டார் என்னவோ உரித்த தேங்காய் அளவுதான் இருக்கிறது. ஆனால் அதை மேய்க்க நீங்கள் வைத்திருக்கிற பெட்டி பீரோ உயரம். சாம்பல் நிறத்தில் கதவு, கதவில் ஆறு விளக்கு, ஒரு மஞ்சள் பட்டன். பச்சை விளக்கு எரிந்தால் வேலை நடக்கும். மற்ற ஐந்தும் சிவப்பு. அதில் எது எரிந்தாலும் அலாரம் என்று அர்த்தம், உடனே மோட்டார் நின்றுவிடும், கூடவே கோழிக்குஞ்சைக் காக்கை தூக்கினமாதிரி ஒரு சத்தம். அந்த மஞ்சள் பட்டனுக்குப் பெயர் ரீசெட். இந்த வயதில் நான் கற்றுக்கொண்ட ஒரே புதுச் சொல் இதுதான். தூக்கத்தில்கூட இதைச் சொல்லுகிறேன் என்று உங்கள் அத்தை புகார் செய்கிறாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். சித்திரையிலும் வைகாசியிலும் பெட்டி ஒரு குறையும் வைக்கவில்லை. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் எல்லாம் அவிந்துகொண்டிருந்தபோது, பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு அது பாட்டுக்கு ஓடியது. நானும் நாலு பேரிடம் மாப்பிள்ளை பெருமை பேசினேன். அதை இப்போது அந்த நாலு பேரும் எனக்கு நினைவுபடுத்துகிறார்கள்.

இந்த மாதம் பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு முதல் அலாரம். நாலாவது சிவப்பு விளக்கு. நீங்கள் கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தை எடுத்து, டிக்‌ஷனரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நாலாம் நம்பர் விளக்கு என்றால் பெட்டிக்குள் அளவுக்கு மீறிய சூடு என்று போட்டிருக்கிறது. சூடாம்! மாப்பிள்ளை, நீங்கள் வடக்கே பிறந்தவரா? நீங்களும் இந்தத் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்தானே? ஆனி மாதச் சாரலில் தென்காசியில் சூடு என்று எவனாவது வாயைத் திறந்து சொல்லுவானா? பொதிகை மலையில் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை பூப்பூவாகத் தூவிக்கொண்டே இருக்கிறது. கோவிலுக்குப் போனால் கோபுர வாசல் காற்று ஆளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தேரடியில் போடுகிறது. உங்கள் அத்தை இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு படுக்கிறாள். நல்லெண்ணெய் கூடக் கட்டிதட்டிவிடுமோ என்று இருக்கிறது. இப்படி ஊரே நடுங்கும்போது உங்கள் பெட்டிக்கு மட்டும் சூடாக இருக்கிறதாம். வெயில் கொளுத்தியபோது வாயைத் திறக்காத பெட்டி, சாரலில் சூடு என்று சத்தம் போடுகிறது என்றால், ஒன்று அது பொய் சொல்கிறது, அல்லது அதற்குச் சித்தம் கலங்கிவிட்டது. இரண்டில் எது என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

அலாரம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் நாலு படி போட்டிருக்கிறது. மெயினை அணைக்க வேண்டும். ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். அப்புறம் மெயினைப் போட்டு மஞ்சள் பட்டனை அமுக்க வேண்டும். இதில் முதலாவதும் நாலாவதும் எனக்குத் தெரியும். மூன்றாவதுதான் தொண்டையில் நிற்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் என்னத்துக்கு ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு மல்லாடப்போகிறான்? பால்காரனிடம் பால் கேட்டால், மாட்டைக் கண்டுபிடித்துக் கறந்துகொள் என்கிற கதையாக இருக்கிறது.

இரண்டாவது படியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஐந்து நிமிஷத்தை யார் பார்ப்பது? பலவேசத்திடம் கடிகாரம் கிடையாது. "அண்ணாச்சி, ஒரு பீடி நேரம்னா அஞ்சு நிமிசம்தான்" என்று சொல்லி, மெயினை அணைத்ததும் கொல்லைப்பக்கம் போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்து பட்டனை அமுக்குவான். என் முன்னால் அவன் பீடி குடிப்பதில்லை, அந்த மரியாதை உண்டு. அமுக்கியதும் பச்சை விளக்கு வரும். இருபது நிமிஷம் ஓடும். மறுபடியும் காக்கை, கோழிக்குஞ்சு, நாலாம் விளக்கு, கொல்லைப்பக்கம், பீடி. பதினைந்தாம் தேதி மட்டும் பதினொரு தடவை. நான் உட்கார்ந்து யோசித்தேன். பதினொரு அலாரத்துக்குப் பதினொரு பீடி. இந்த அலாரத்தால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் லாபம். அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

நான் என்ன குறை வைத்தேன் என்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பஸ்ஸில் குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்து, அருவியில் குளித்து, எட்டரைக்கெல்லாம் கம்பெனியில் இருப்பேன். இருபத்தேழு வருஷமாகச் சீசனில் இதுதான் பழக்கம். வீட்டில் கொடி முழுக்க ஈரத்துணி, நாலு நாளாக ஒன்றும் காயவில்லை. உங்கள் அத்தை உள்பாவாடையை அடுப்புக்கு மேலே கட்டிப்போட்டு, அது கரியடித்து, அது ஒரு தனிச் சண்டை. என் ஈரிழைத் துண்டையும் நாலு முழ வேட்டியையும் மட்டும் நான் கம்பெனியிலேயே காயப்போட்டுக்கொள்கிறேன். அங்கே எனக்கென்று ஒரு நல்ல இடம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், மத்தியானத்துக்குள் அப்பளமாகக் காய்ந்துவிடும். அதாவது காய்ந்துகொண்டிருந்தது. மிஷின் நின்று நின்று இப்போது அதுவும் அரை ஈரம். ஒருநாள் எவனோ அந்தத் துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறான். சாரலில் நனைந்து சொட்டச் சொட்டக் கிடந்தது. "எவம்லே என் துண்டுல கை வச்சது?" என்று ஒரு சத்தம் போட்டேன். முதலாளி துண்டைத் தொடுகிற அளவுக்கு உங்கள் பெட்டியால் இங்கே ஒழுங்கு கெட்டுவிட்டது.

நீங்கள் பதில் போடவில்லை. அதனால் யாக்கூபைக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரேடியோ ரிப்பேரும் மோட்டார் காயில் கட்டுகிற வேலையும் செய்கிறவர், கைராசிக்காரர். வந்தார், பெட்டிக் கதவைத் திறந்தார், உள்ளே பார்த்தார், பயபக்தியோடு கதவைச் சாத்தினார். "அண்ணாச்சி, இது என் படிப்புக்கு மேல உள்ள சாமான். சூடுன்னு சொல்லுதுல்லா, ஒரு பெடஸ்டல் ஃபேனை எதுக்க வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். அந்த ஃபேன் பெட்டியைக் குளிரவைத்ததோ இல்லையோ, வெட்டி அடுக்கியிருந்த தாளையெல்லாம் தூக்கி வீசிவிட்டது. ஒருகோடு, இருகோடு, நாலுகோடு, கட்டம்போட்டது எல்லாம் கலந்து கூரை வரை பறந்தது. கட்டு கட்டுகிற பெண்கள் நாலு பேரும் கொக்கு பிடிக்கிறமாதிரி தாவித் தாவிப் பிடித்தார்கள். அன்று முழுக்கத் தாள் பிரிக்கிற வேலைதான். அப்படியும் பன்னிரண்டு நோட்டில் முதல் பக்கம் கணக்கு, இரண்டாம் பக்கம் இங்கிலீஷ் என்று போய்விட்டது. பெட்டி என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? ஃபேன் காற்றையும் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு நாலாம் விளக்கைப் போட்டது.

இதற்குமேல்தான் பெரிய அவமானம். ஒவ்வொரு தடவை ரீசெட் அமுக்கிய பிறகும் தாளைப் பின்னால் இழுத்து, கத்திக்கு நேராகக் கோடு பார்த்து வைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டுமாம். புத்தகத்தில் அறுபத்திரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், விளம்பரத்துக்குக் கீழே விலை போடுகிறமாதிரி அதைப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? பட்டனை அமுக்கினேன், ஓட்டினேன். பெட்டி தான் எங்கே விட்டோம் என்பதை மறந்துவிட்டு நினைத்த இடத்தில் தாளைத் தள்ள, கத்தி நினைத்த இடத்தில் விழ, முந்நூறு நோட்டு ரேஷன் கார்டு அளவுக்கு வந்துவிட்டது. கட்டுக்குள் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. அப்படியே இலஞ்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

இலஞ்சி ஹெட்மாஸ்டர் சுந்தரபாண்டியை உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை ரசம் வாங்கியவர். பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நோட்டு என் கம்பெனியிலிருந்துதான். இந்த வருஷம் நாலாயிரம் நோட்டு. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆயிற்று. பிள்ளைகள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் அந்த ரேஷன் கார்டு நோட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, குடையை மடக்காமலே கம்பெனிக்குள் வந்தார்.

"அண்ணாச்சி, இது என்னது? எட்டாங்கிளாஸ்காரன் இதுல பூகோளம் எழுதணுமா? இந்தியா படம் வரைஞ்சா கன்னியாகுமரி வெளிய போயிருமே."

"மிஷின்ல ஒரு சின்னக் கோளாறு சார். சரி பண்ணிருவோம்."

"பதினெட்டு வருசமா ஒங்க சொல்லை நம்பித்தான் இருக்கேன். இருபத்தேழாம் தேதி, திங்கக்கிழமை, காலை மணி அடிக்கும்போது நாலாயிரமும் மேசையில இருக்கணும். இல்லைன்னா சிவகாசியில சொல்லிருதேன். எனக்கு ஒங்க மேல வருத்தம் கிடையாது. பிள்ளைக எழுதணும்லா?"

வருத்தம் கிடையாது என்று அவர் சொன்ன விதம் இருக்கிறதே, நாலு அடி அடித்திருந்தால் எனக்குத் தேவலை. வாக்குக் கொடுத்து ஒருநாள் தவறியவன் என்று எனக்கு இதுவரை பெயர் கிடையாது, மாப்பிள்ளை. திங்கட்கிழமை அந்தப் பெயர் வரப்போகிறது.

அன்றே உங்களுக்கு டிரங்க் கால் போட்டேன். காலை பத்து மணிக்கு புக் பண்ணி, போஸ்டாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, மத்தியானம் மூன்று மணிக்கு லைன் கிடைத்தது. நான் ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "ரீசெட் பண்ணிப் பாத்தீங்களா மாமா?" ஐந்து மணி நேரம் பெஞ்சில் குந்தியிருந்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? அடுத்த கேள்வி இதைவிட உத்தமம். "பெட்டிக்கு நல்லா காத்தோட்டம் இருக்கா மாமா?"

"மாப்ளே, நீங்க பெங்களூர்ல இருந்துக்கிட்டுப் பேசுதீங்க. இங்கன காத்துக்கா பஞ்சம்? செங்கோட்டைக் கணவாய்க் காத்துல எனக்கு வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்கு. காத்தோட்டம் இருக்கான்னு கேக்கீங்களே!"

"அதில்ல மாமா, மேல..." என்று நீங்கள் ஏதோ ஆரம்பித்தீர்கள். மூன்று நிமிஷம் முடிந்து லைன் போய்விட்டது. மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்ல வந்தீர்கள் போலிருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இங்கேயே ஆள் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வாசுதேவநல்லூரில் உங்கள் அத்தை வழியில் ஒரு கல்யாணம். விடியற்காலையிலேயே போனேன், பொழுது சாய்ந்துதான் வந்தேன். கம்பெனிக்குள் கால் வைத்தால், சுவர் ஓரம் எண்ணூறு நோட்டு அடுக்கியிருக்கிறது. ஒரு அலாரம் கூட வரவில்லையாம். காலை எட்டு மணியிலிருந்து பச்சை விளக்குத்தானாம். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. மறுநாள் நான் வந்தேன். பதினொரு மணிக்கு நாலாம் விளக்கு. பலவேசம் பீடிக்குப் போகாமல், தலையைச் சொறிந்துகொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா? கோவப்படப்படாது."

"சொல்லுலே."

"நேத்து நீங்க வரல, நல்லா ஓடுச்சு. இன்னைக்கு வந்தீங்க, நிக்குது. போன வெசாளக்கெழமையும் நீங்க ஆய்க்குடிக்குப் போன அன்னைக்கு நிக்கல. நான் என்ன சொல்லுதேன்னா..."

இதற்குமேல் நான் அவனைச் சொல்லவிடவில்லை. நீங்களே சொல்லுங்கள், விடுவீர்களா? நான் கட்டிய கம்பெனிக்குள் நான் காலை வைத்தால் மிஷின் நின்றுபோகிறது என்று என் முகத்துக்கு நேரே ஒருவன் சொல்லுகிறான். நான் என்ன, பூனை குறுக்கே போனமாதிரியா? என் கால் ராசியைப் பற்றி என் மாமியார் கூட இதுவரை பேசியது கிடையாது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் இல்லாதபோது ஒழுங்காக ஓட்டுவது, இருக்கும்போது எதையோ திருகிவிட்டு நிறுத்துவது, பழைய செயின் மிஷினே நல்லது என்று என்னைச் சொல்லவைப்பது, நடுவில் பதினொரு பீடி. "இருபத்திரெண்டு வருசம் சோறு போட்ட கம்பெனிலே இது! நீ எனக்கு ராசி பாக்கியோ? வீட்டுக்குப் போ! இனி இந்தப் பக்கம் வராதே!" என்று சொல்லிவிட்டேன். அவன் கையைத் துடைத்தான், சட்டையை எடுத்தான், போய்விட்டான். போகும்போது அந்தப் பெட்டியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த திருட்டுத்தனத்தை நான் கவனிக்காமல் இல்லை.

இப்போது நிலைமை இது. பலவேசம் இல்லை. நேற்றும் இன்றும் நானும் விஜயமும் ஓட்டினோம். நாலாயிரத்தில் இரண்டாயிரத்து அறுநூறு முடிந்திருக்கிறது, பாக்கிக்கு நாளை ஒருநாள்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தையல், கட்டு. பலவேசம் போனபிறகும் நாலாம் விளக்கு வருகிறது. போகும்போது ஏதாவது செய்துவிட்டுத்தான் போயிருப்பான். மஞ்சள் பட்டனை அமுக்கி அமுக்கி என் ஆள்காட்டி விரல் வீங்கிவிட்டது. இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருப்பதற்கும் உங்கள் கம்பெனியே பொறுப்பு.

ஆகவே இரண்டு விஷயம் முடிவு செய்திருக்கிறேன். உங்கள் கம்பெனி மானேஜிங் டைரக்டருக்கு நேற்று ரிஜிஸ்தர் தபாலில் நாலு பக்கம் எழுதிப் போட்டுவிட்டேன். பச்சைப் பொய் சொல்லுகிற பெட்டியைத் தயார் செய்து, அதை விற்கிறதுக்குப் பெண் கொடுத்த மாமனாரையே பிடிக்கிற எஞ்சினியரை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படிக் கம்பெனி நடத்துகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். தங்கள் பெயரை எழுதவில்லை. பதவியை எழுதியிருக்கிறேன். மற்றொன்று, நீங்கள் நேரில் வந்து இந்தப் பெட்டிக்கு ஒரு வழி பண்ணுகிறவரைக்கும் விஜயத்தை அனுப்புவதாக இல்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் இப்படிப் பேசுவது அழகில்லை என்று உங்கள் அத்தை சொல்லுகிறாள். விஜயம் என்ன சொல்லுகிறாள் என்று நான் கேட்கவில்லை. பெட்டியைக் கொடுத்த இடத்தில் இப்படிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கோபத்தில் ஒன்றிரண்டு வார்த்தை கூடியிருக்கலாம், குறையவில்லை. காசிவிசுவநாதரும் உலகம்மையும் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உத்தியோகத்தையும், முடிந்தால் வேறு ஒரு உத்தியோகத்தையும் கொடுக்கட்டும். சம்பந்தி அம்மாளுக்கு முழங்கால் வலிக்குக் கோட்டக்கல் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கும் இந்தக் கோபத்துக்கும் சம்பந்தமில்லை.

இப்படிக்கு,
மன வேதனையுடனும் வீங்கிய விரலுடனும்,
மாமனார் ப. தாணு.

பி.கு.: 25-6-88, சனி, ராத்திரி எட்டு மணி. மேலே உள்ள கடிதத்தை நான் கிழிக்கப் போனேன். விஜயம் பிடுங்கிக்கொண்டாள். "இதைக் கிழிச்சீங்கன்னா நான் அவுகட்ட வாயால சொல்லுவேன். அது இதைவிட மோசமா இருக்கும்" என்கிறாள். ஆகையால் ஒரு எழுத்தும் அடிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். நாளைக்குச் சாயங்காலம் மதுரை போய் பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கிறாள், இந்தத் தபாலைக் கொண்டுவருவதும் அவளேதான்.

நடந்தது இதுதான். இன்று காலை வழக்கம்போல் அருவியில் குளித்துவிட்டு எட்டரைக்கு வந்தேன். பதினொரு மணிக்கு நாலாம் விளக்கு. பலவேசம் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்த விஜயம் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, இது யாரு துண்டு?"

"என் துண்டுதான். வேற யாரு துண்டு?"

"இது என்னத்துக்குப் பெட்டி உச்சியில கெடக்கு?"

"காயப்போட்டிருக்கேன் ட்டீ. அங்கன கம்பி வலைக்குள்ள இருந்து கதகதன்னு காத்து வருதுல்லா? சாரல் காலத்துல இதுக்கு ஈடு கெடையாது. பக்கத்துல வேட்டியும் கெடக்கு பாரு."

அவள் தாள் சுருள்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கம்பி வலை, பெட்டிக்குள் இருக்கிற சூடு வெளியே போகிற வழியாம். சூடு போகிற வாயை இரண்டு ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, சூடு ஏன் என்று நான் உங்கள் கம்பெனிக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். நன்றாகப் பிழிந்துதான் போட்டேன், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று நினைக்கிறேன். இதை வாசித்து நீங்கள் மயக்கம் போட வேண்டாம். அவள் துண்டை எடுத்தாள், வேட்டியை எடுத்தாள், மெயினை அணைத்து ஐந்து நிமிஷம் காத்திருந்து மஞ்சள் பட்டனை ஒரே தடவை அமுக்கினாள். கோடு பார்த்துத் தாளை வைத்து ஓட்டினாள். அதன்பிறகு அந்தக் காக்கைச் சத்தத்தை நாங்கள் கேட்கவில்லை.

அந்த ரிஜிஸ்தர் தபால் திங்கட்கிழமை காலை உங்கள் மானேஜிங் டைரக்டர் மேசைக்கு வரும். நாலு தபால்தலை ஒட்டிய பழுப்பு உறை, ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அன்றைக்கு மட்டும் நீங்கள் அவருக்கு முந்தி ஆபீசுக்குப் போய்விடுங்கள். அதற்குமேல் எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டிரங்க் காலில் 'மேல' என்று நீங்கள் ஆரம்பித்ததும் இதுதான் என்று இப்போது விளங்குகிறது.

பலவேசமும் இதைத்தான் சொல்ல வந்திருக்கிறான். துண்டை எடுத்து ஜன்னலில் போட்டவனும் அவன்தான், அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் மிஷின் நிற்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு நினைவு வருகிறது. நான் போட்ட சத்தத்தில் அப்புறம் அவன் அதைத் தொடவில்லை. வாயால் சொல்ல வந்தான், வீட்டுக்கு அனுப்பினேன்.

மத்தியானம் விஜயத்தை மிஷினில் விட்டுவிட்டு மேலகரத்தில் இருக்கிற அவன் வீட்டுக்கு நடந்தே போனேன். முற்றத்தில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தான். இன்னொருவனுடைய கூடை, கூலிக்கு. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். அது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. "துண்டுதான்லே" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான். மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் என் முன்னால் அவன் குடித்த முதல் பீடி. உட்காருங்கள் என்று சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. அவன் பெஞ்சாதி முத்துவடிவு உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். தலைக்குமேல் சாரல் விழுந்துகொண்டே இருந்தது. அவன் அவசரப்படாமல், கடைசி இழுப்பு வரை முழுசாகக் குடித்து முடித்தான். உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிற ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

முடித்துவிட்டுச் சட்டையை மாட்டினான். "எம்புட்டு அண்ணாச்சி பாக்கி?" என்று கேட்டான். ஆயிரத்துச் சொச்சம் என்றேன். இப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. நான் கம்பெனி வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை நோட்டு போய்ச் சேருகிறவரை உள்ளே வரவேண்டாம் என்று பலவேசம் சொல்லியிருக்கிறான். துண்டு என் மடியில் இருக்கிறது, காயவில்லை.